கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்: குழந்தையோடு ஜிக்சா புதிர் தொடங்குபவர்களுக்கு

என் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. பன்னிரண்டு துண்டுகள் கொண்ட யானைப் படம். பதினொன்றைப் பொருத்திவிட்டாள். கடைசித் துண்டு கையில் இருக்கிறது, காலியிடமும் ஒன்றே ஒன்றுதான். ஆனாலும் துண்டு உட்காரவில்லை. அழுத்துகிறாள், உள்ளங்கையால் தட்டுகிறாள், மறுபடியும் அழுத்துகிறாள். என் கை தானாக நீண்டது. துண்டைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் வேலை முடிந்துவிடும். ஏனோ அன்று கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் துண்டை எடுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தாள். அதன் ஓரத்தில் தந்தத்தின் நுனி வெள்ளையாகத் தெரிந்தது. தட்டில் தந்தத்தின் அடிப்பகுதி இருந்தது. கையிலிருந்ததையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துண்டை மெல்லத் திருப்பினாள். வெள்ளை வெள்ளையோடு சேர்ந்தது, துண்டு உட்கார்ந்தது.

அந்த அரை நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முடிந்த படம் குழந்தைக்குச் சந்தோஷம் தரும். ஆனால் பார்வைத் திறனும் சிந்தனையும் வளர்வது, துண்டு உட்காருவதற்கு முன்னால் குழந்தை தயங்கி நின்று பார்க்கிறதே, அந்த நேரத்தில். பெரியவர்களான நாம் பாசத்தோடு கையை நீட்டி அந்த நேரத்தைப் பறித்துவிடுகிறோம். இனி நான் சொல்லும் படிகள் எல்லாம் அதைக் காப்பாற்றுவதற்கானவை.

துண்டுக்குள் என்ன நடக்கிறது

ஜிக்சா புதிர் பிறந்ததே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத்தான். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடங்களை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டின் வழியாகவே அறுத்து, புவியியல் கற்கும் சிறுவர்களுக்காக விற்றார். ஒரு நாட்டின் உருவத்தைக் கையில் எடுத்து, அது எங்கே உட்காரும், எந்த நாட்டின் பக்கத்தில் வரும் என்று தேடிய பிள்ளை வரைபடத்தைக் கண்ணால் மட்டும் படிக்கவில்லை, விரலாலும் படித்தது.

இன்றும் அதேதான் நடக்கிறது. ஒரு துண்டைக் கையில் எடுத்த குழந்தை ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறது. ஒரு சிறு பகுதியைப் பார்த்து முழுமையை ஊகிக்கிறது: இந்தக் கறுப்புக் கோடு மீசையா, வாலா? துண்டைத் திருப்பினால் எப்படித் தெரியும் என்று மனத்துக்குள் பார்க்கிறது. தேடும் நிறத்தை நினைவில் வைத்துக்கொண்டு மற்ற துண்டுகளைத் துழாவுகிறது. பொருந்துமென்று நினைத்தது பொருந்தாதபோது எண்ணத்தை மாற்றிக்கொள்கிறது. கடைசியாகச் சொன்ன இந்தத் திறன் வாழ்நாள் முழுதும் தேவைப்படுவது. அதைக் குழந்தை இவ்வளவு மலிவாக, யாரிடமும் திட்டு வாங்காமல் பழகிக்கொள்ளும் இடம் வேறு அதிகமில்லை.

பொருளை மனத்துக்குள் திருப்பிப் பார்ப்பது உண்மையிலேயே ஓர் உழைப்பு. ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் 1971இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களுக்கு இரண்டு உருவங்களின் படங்களைக் காட்டி, இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டார்கள். ஒன்றுக்கொன்று எத்தனை பாகை திரும்பியிருந்ததோ, அதற்கு ஏற்றபடி பதில் சொல்லும் நேரமும் சீராகக் கூடியது. மனமும் பொருளைச் சுழற்றத்தான் செய்கிறது, அதிகம் சுழற்ற அதிக நேரம் பிடிக்கிறது. பெரியவர்களுக்கே இப்படி என்றால், மூன்று வயதுக் குழந்தை துண்டை வைத்துக்கொண்டு விழிக்கும்போது நாம் பொறுமை இழப்பதில் நியாயமே இல்லை.

புதிரால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் லெவினும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வை. 53 குழந்தைகளை அவர்களின் வீட்டிலேயே, இரண்டு வயது கடந்ததிலிருந்து நான்கை நெருங்கும்வரை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள். இப்படி விளையாடு என்று யாரும் சொல்லவில்லை, இயல்பாக என்ன செய்கிறார்களோ அதைப் பதிவு செய்தார்கள். நான்கரை வயதில் அந்தக் குழந்தைகளுக்கு, பிரிந்து கிடக்கும் இரண்டு வடிவங்களைச் சேர்த்தால் எந்த உருவம் வரும் என்று கண்டுபிடிக்கும் சோதனை வைத்தார்கள். புதிரோடு விளையாடிய குழந்தைகள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். விளையாடியவர்களுக்குள்ளும், அடிக்கடி விளையாடியவர்கள் முன்னே இருந்தார்கள். இது கவனித்துப் பார்த்த ஆய்வு. புதிர்தான் அந்தத் திறனைக் கொடுத்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஏற்கெனவே அந்த நாட்டம் உள்ள குழந்தை புதிரைத் தேடிப் போயிருக்கலாம். ஆகவே மதிப்பெண் கூடும், மூளை கூர்மையாகும் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பி இதில் இறங்காதீர்கள். குழந்தையோடு சேர்ந்து உற்றுப் பார்க்கப் பழக ஒரு நல்ல வழி என்று இறங்குங்கள்.

முதல் படி: எந்தப் புதிரை எடுப்பது

புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, துண்டுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது. படம்தான் முதலில். ஒவ்வொரு துண்டிலும் அடையாளம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்: ஒரு கண், ஒரு சக்கரம், சிவப்புக் கூரையின் முனை. படத்தில் பாதி வெறும் வானமாக இருந்தால் 24 துண்டுகூடச் சின்னக் குழந்தைக்கு மலைபோலத் தெரியும். நிறங்கள் தெளிவாகப் பிரிந்திருக்கட்டும், உருவங்களின் வெளிக்கோடு அழுத்தமாக இருக்கட்டும். பளபளப்பில்லாத அச்சு நல்லது, விளக்கொளி பட்டுக் கண் கூசாது.

வயதைத் தோராயமாகச் சொல்கிறேன். ஒன்றரை, இரண்டு வயதில் ஒரு பலகையில் மூன்று நான்கு குழிகளும் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு உருவமும் உள்ள மரப்புதிர் போதும். உருவத்தின் மேல் பிடிக்கக் குமிழ் இருந்தால் பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் சேர்ந்து பிடிக்கப் பழகும், பின்னாளில் பென்சில் பிடிப்பதும் இந்த விரல்கள்தான். இரண்டிலிருந்து மூன்று வரை, இரண்டு முதல் ஆறு துண்டுகள். மூன்று முதல் நான்கு வரை, எட்டிலிருந்து 24. நான்கு, ஐந்து வயதில் 24லிருந்து 48. அதற்குமேல் 100 வரை போகலாம். இதெல்லாம் ஒரு கணக்குக்குத்தான். புதிரே பார்க்காத ஐந்து வயதுக் குழந்தை 12 துண்டில்தான் தொடங்க வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. கொஞ்சம் திணறி, கால்மணி நேரத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் குழந்தையால் முடிக்க முடிந்தால் அதுதான் சரியான புதிர். இரண்டே நிமிடத்தில் முடிந்தால் பார்வைக்கு வேலை இல்லை. அரைமணி நேரமாகியும் பாதிகூட ஆகவில்லையென்றால் உங்கள் கைதான் வேலை செய்துகொண்டிருக்கும்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சிறு துண்டுகள் வேண்டவே வேண்டாம். எதையும் வாயில் போடும் வயது அது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சுமார் மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு குழாய்க்குள் முழுவதும் நுழைந்துவிடும் எதுவும் ஆபத்தானது. அட்டைத் துண்டை மென்று ஊறவைக்கும் குழந்தை என்றால் மரப்புதிரே பாதுகாப்பு. வீட்டில் மூத்த பிள்ளையின் புதிர் இருந்தால் அதை உயரத்தில் வையுங்கள்.

இடம்

விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு அல்லது பலகை. அதன் மேல் கோலமோ பூவோ இல்லாத ஒரே நிறத் துணி. பூப்போட்ட விரிப்பின் மேல் துண்டுகளைக் கொட்டினால் குழந்தையின் கண் முதலில் விரிப்போடு போராடும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். தட்டில் வைப்பதால் இன்னொரு வசதி உண்டு: பாதியில் நிறுத்தி அப்படியே தூக்கி ஓரமாக வைக்கலாம். பாதியில் விட்டுப்போன வேலைக்கு நாளை திரும்பி வரலாம் என்று குழந்தை அறிவது நல்லது.

முதல் நாள்: கடைசித் துண்டிலிருந்து தொடங்குங்கள்

துண்டுகளைக் கலைத்து முன்னால் கொட்டிவிட்டு “எங்கே, செய் பார்க்கலாம்” என்று சொல்வது புதிய குழந்தையை மிரளவைக்கும். தலைகீழாகத் தொடங்குங்கள். புதிரை நீங்களே முழுவதும் சேர்த்துவையுங்கள், குழந்தை பார்த்துக்கொண்டிருக்கட்டும். இருவரும் படத்தைப் பற்றிப் பேசுங்கள். யானை எந்தப் பக்கம் பார்க்கிறது, அதன் காலடியில் என்ன இருக்கிறது, மேலே பறப்பது எது. பிறகு ஒரே ஒரு துண்டை மட்டும் எடுத்துக் குழந்தையிடம் கொடுங்கள். அது வைத்துவிடும். படம் முழுமையாகும். முகத்தில் வெளிச்சம் வரும்.

அடுத்து இரண்டு துண்டுகளை எடுங்கள். அது சரியாக வந்ததும் மூன்று, நான்கு. எடுக்கும் துண்டுகள் முதலில் தள்ளித் தள்ளி இருக்கட்டும், பிறகு பக்கத்தில் பக்கத்தில் உள்ளவற்றை எடுங்கள். பக்கத்துத் துண்டுகள் இரண்டும் இல்லாதபோது பொருத்துவது கடினம், ஏனென்றால் ஒட்டிக்கொள்ள ஓரங்கள் குறைவு. இப்படிச் சில நாட்களில் குழந்தை பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து, முழுப் புதிரையும் தானே செய்யும் நிலைக்கு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் படத்தை முடித்தது தானே என்ற உணர்வு அதற்கு இருக்கும்.

கை பேசக் கூடாது, வாய் பேசலாம்

சூசன் லெவின் குழுவினரின் மற்றோர் ஆய்வில், ஓரம், வளைவு, நேர்கோடு, பெரியது, மூலை போன்ற சொற்களைப் பெற்றோரிடம் அதிகம் கேட்டு வளர்ந்த குழந்தைகள் தாங்களும் அவற்றை அதிகம் பயன்படுத்தியது தெரிந்தது. அப்படிப் பயன்படுத்தியவர்கள் வடிவங்களை மனத்தில் கையாளும் சோதனைகளிலும் நன்றாகச் செய்தார்கள். இதைப் படித்த பிறகு நான் புதிர் நேரத்தில் பேசுவதை மாற்றிக்கொண்டேன். அதுவரை நான் சொல்லிக்கொண்டிருந்தது “இது இல்லை”, “அங்கே இல்லை”, “இதை வை”, “சூப்பர்” ஆகிய நான்கும்தான். இதில் எதிலுமே குழந்தை பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

தமிழில் இதற்குச் சொல்வளம் கொட்டிக் கிடக்கிறது. நுனி, முனை, ஓரம், மூலை, வளைவு, நெளிவு, குழி, குமிழ், பட்டை, கூர், மழுங்கல், நேர், சாய்வு, இடம், வலம், தலைகீழ், பக்கவாட்டு. துண்டில் துருத்தி நிற்பதைக் குமிழ் என்றும் உள்வாங்கியிருப்பதைக் குழி என்றும் வீட்டில் பெயர் வைத்துக்கொண்டால் பேச்சு எளிதாகும். “இந்தக் குழி அகலமாக இருக்கிறது. உன் கையில் உள்ள குமிழ் அகலமா, ஒல்லியா?” என்று கேட்டுப் பாருங்கள். குழந்தை உடனே துண்டைத் தூக்கிப் பார்க்கும். “இது இல்லை” என்று சொல்லியிருந்தால் துண்டைக் கீழே போட்டிருக்கும்.

பாராட்டும்போதும் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். “வாலின் கோடு இந்தத் துண்டிலும் தொடர்கிறது என்று பார்த்துவிட்டாயே!” என்பது, “நீ ரொம்பப் புத்திசாலி” என்பதைவிடப் பல மடங்கு மேல். எதனால் சரியாக வந்தது என்று குழந்தைக்குத் தெரிந்தால்தான் அடுத்த முறையும் அதைச் செய்யும்.

குழந்தை திணறும்போது

இதுதான் மிகக் கடினமான பகுதி, குழந்தைக்கு இல்லை, நமக்கு. முதலில் காத்திருங்கள். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். முக்கால்வாசி நேரம் எட்டு எண்ணுவதற்குள் குழந்தையே ஏதாவது செய்துவிடும்.

அப்போதும் நகரவில்லையென்றால் முழுப் படத்தின் பக்கம் கவனத்தைத் திருப்புங்கள்: “இந்தப் பச்சை படத்தில் எங்கெல்லாம் வருகிறது?” அதுவும் உதவவில்லையென்றால் இன்னும் நெருங்குங்கள்: “இந்தப் பச்சையில் ஒரு மஞ்சள் புள்ளி இருக்கிறதே, தட்டில் மஞ்சள் தெரிகிறதா?” அடுத்து, பத்துத் துண்டுகளில் இரண்டை மட்டும் எடுத்து முன்னால் வைத்து, இரண்டில் எது என்று கேளுங்கள். அதற்கும் அடுத்து, துண்டைச் சரியான திசையில் திருப்பிக் காலியிடத்தின் அருகே வைத்துவிடுங்கள், தள்ளி உட்காரவைப்பது குழந்தையாக இருக்கட்டும். நீங்களே பொருத்துவது எல்லாவற்றுக்கும் கடைசி.

குழந்தை தடுமாறினால் ஒரு படி கூடுதலாக உதவுங்கள். தானாகச் செய்தால் உடனே ஒரு படி பின்வாங்குங்கள். டேவிட் வுட், ஜெரோம் ப்ரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976இல், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 21 மரக்கட்டைகளைச் சேர்த்துப் பிரமிடு அமைக்கும்போது பெரியவர் எப்படி உதவுகிறார் என்று ஆராய்ந்து எழுதினார்கள். அந்த உதவிக்கு அவர்கள் வைத்த பெயர் சாரம். கட்டடத்துக்குக் கட்டுகிறோமே, அதே சாரம். சுவர் நின்றதும் பிரித்துவிட வேண்டியது. பிரிக்க மறந்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்: ஆறு வயதுப் பிள்ளை ஒவ்வொரு துண்டையும் எடுத்து அம்மாவின் முகத்தைப் பார்த்து, அங்கே சம்மதம் தெரிந்த பிறகுதான் வைக்கும். அப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டால், சில நாட்கள் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுடைய புதிரைச் செய்யுங்கள். பார்க்க முகம் கிடைக்காதபோது கண் துண்டுக்குத் திரும்பும்.

இன்னொன்று. மூன்று வயதுக் குழந்தை படத்தைப் பார்க்காமல், கிடைத்த துண்டை எல்லா இடத்திலும் அழுத்தி அழுத்திப் பார்த்தால் கவலைப்பட வேண்டாம். அந்த வயதில் வடிவத்தை வைத்து முயன்று தவறித்தான் செய்வார்கள். துண்டில் தெரிவது ஒரு பெரிய படத்தின் பகுதி என்று அதைத் துப்பாகப் பயன்படுத்துவது நான்கு வயதை ஒட்டித்தான் வருகிறது. அதுவரை நீங்கள் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருங்கள், வற்புறுத்த வேண்டாம்.

“முதலில் ஓரத்தைச் செய்” என்பது எப்போது சரி

எல்லோரும் சொல்லித்தரும் முதல் உத்தி, ஓரத் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டம் போலச் சேர்ப்பது. சின்னக் குழந்தைக்கு இது பயன்படுவதில்லை, ஏன் என்று ஒரு சிறு கணக்கில் தெரிந்துவிடும். நான்குக்கு மூன்றாக வெட்டிய 12 துண்டுப் புதிரில் ஓரத் துண்டுகள் 10, உள்ளே இருப்பவை 2. ஆறுக்கு நான்கு, 24 துண்டில் ஓரம் 16, உள்ளே 8. ஏறக்குறைய எல்லாமே ஓரமாக இருக்கும்போது ஓரத்தைத் தேடு என்று சொல்வதில் என்ன துப்பு இருக்கிறது? எட்டுக்கு ஆறு, 48 துண்டுக்கு வந்தால் சரிபாதி: 24 ஓரம், 24 உள். இங்கேதான் பிரித்தல் பயன்தரத் தொடங்குகிறது. பத்துக்குப் பத்து, 100 துண்டில் ஓரம் 36தான். இருபதுக்குப் பதினைந்து, 300 துண்டில் வெறும் 66.

எனவே 24 துண்டு வரை உருவங்களைக் கொண்டு தொடங்குங்கள். முகம் எங்கே, அதன் துண்டுகளை எல்லாம் சேர்ப்போம். அடுத்து வண்டி. அடுத்து மரம். தனித்தனித் தீவுகளாக உருவங்கள் சேர்ந்து, பிறகு தீவுகள் இணையும். 48 துண்டு வந்ததும் நேர்க்கோடு உள்ள துண்டுகளைத் தனியே எடுக்கச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு நேர்க்கோடுகள் இருந்தால் மூலை, அது நான்கு மட்டுமே இருக்கும் என்று குழந்தையே கண்டுபிடிக்கட்டும். நான்காவது மூலையைத் தேடி அலையும் குழந்தையின் ஆர்வம் பார்க்கவே அழகாக இருக்கும்.

100ஐத் தாண்டிய பிள்ளைக்கு வகைப்படுத்தல் தேவைப்படும். நிறவாரியாகச் சிறு கிண்ணங்களில் பிரிப்பது ஒன்று. நிறத்தில் வித்தியாசமே இல்லாத வானப் பகுதிக்கு வடிவத்தால் பிரிப்பது இன்னொன்று. கட்டம் கட்டமாக வெட்டிய வழக்கமான புதிரில் உள் துண்டுகள் ஆறே வகைதான்: நான்கும் குமிழ், மூன்று குமிழ், எதிரெதிரே இரண்டு, அடுத்தடுத்து இரண்டு, ஒன்று, குமிழே இல்லாமல் நான்கும் குழி. இந்த ஆறையும் ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். “எத்தனை வகைத் துண்டுகள் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க முடியுமா?” என்று மட்டும் கேளுங்கள். எதிரெதிரே இருக்கும் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும் இரண்டும் வேறு வேறு என்று அது உணரும் நொடி, அசல் கணிதம்.

பழகிய புதிரில் புதிய வேலை

செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் குழந்தையைத் தடுக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் அது வேறொன்றைக் கவனிக்கிறது. ஆனால் கண் பார்க்காமலே கை வைக்கத் தொடங்கிவிட்டால், புதிய புதிர் தேடுவதற்கு முன் பழையதையே மாற்றிப் பாருங்கள்.

மாதிரிப் படத்தை மறைத்துவிட்டுச் செய்யச் சொல்வது முதல் மாற்றம். நினைவு வேலை செய்யும். தட்டைச் சுற்றி வந்து தலைகீழாக உட்கார்ந்து செய்வது இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்தது. தெரிந்த யானை திடீரென்று தெரியாத யானையாகிவிடும். மூன்றாவது, ஐந்து வயதுக்கு மேல்: துண்டைத் தொடாமல் முதலில் சொல்ல வேண்டும், இது எந்தக் குழிக்குப் போகும், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று. சொன்ன பிறகு எடுத்து வைத்துப் பார்க்கலாம். கையால் செய்ததை மனம் செய்யப் பழகுவது இங்கேதான். இரண்டு புதிர்களைக் கலந்து கொட்டிப் பிரிக்கச் சொல்லலாம். பெரிய பிள்ளைகள் துண்டுகளை எல்லாம் குப்புறப் போட்டுச் சாம்பல் பக்கத்தை மட்டும் பார்த்துச் செய்து பார்க்கலாம், 24 துண்டுக்கு மேல் வேண்டாம். நேரம் வைத்துப் போட்டி நடத்துவதை மட்டும் நான் ஏற்பதில்லை. கடிகாரத்தைப் பார்க்கும் கண் துண்டைப் பார்ப்பதில்லை.

திரையில் செய்யும் புதிர்களைப் பற்றிக் கேட்கிறார்கள். பல செயலிகளில் துண்டுகள் நேராகவே கிடைக்கின்றன, இடத்தின் அருகே இழுத்துவந்தால் தானாக ஒட்டிக்கொள்கின்றன. திருப்பிப் பார்ப்பதும், பொருந்தாததை விரலில் உணர்வதும் அங்கே இல்லை. பயணத்தில் வைத்துக்கொள்ளலாம், அட்டைப் புதிரின் இடத்தில் வைக்க வேண்டாம்.

வீட்டிலேயே செய்வது

கடையில் வாங்குவதைவிட இதைத்தான் நான் அதிகம் பரிந்துரைப்பேன். குழந்தை தானே வரைந்த படத்தையோ அதன் புகைப்படத்தையோ கெட்டி அட்டையில் பசை தடவி ஒட்டுங்கள். பசையை மெல்லியதாகப் பரப்புங்கள், இல்லையென்றால் தாள் சுருங்கும். மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காய்ந்த பிறகு வெட்டலாம்.

முதல் முறை நடுவில் ஒரே ஒரு வெட்டு, இரண்டு துண்டு. அடுத்தது மூன்று, பிறகு நான்கு. முகத்தின் நடுவே, சக்கரத்தின் நடுவே வெட்டுங்கள். இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக ஏதாவது இருந்தால்தான் சேர்க்கத் தோன்றும். பூனையை ஒரு துண்டிலும் நாயை மறு துண்டிலும் முழுதாக விட்டு வெட்டினால், இரண்டையும் இணைக்கக் காரணமே இருக்காது. நேர்க்கோட்டில் சமமான சதுரங்களாக வெட்டினால் குமிழும் குழியும் காட்டும் துப்பு போய்விடும், படத்தை மட்டும் நம்பிச் செய்ய வேண்டும். வெறும் ஒன்பது சதுரங்கள்கூட நல்ல சவாலாக இருக்கும். வளைத்து நெளித்து வெட்டினால் வடிவத்துக்கு வேலை. இரண்டும் வேறு வேறு பயிற்சி, இரண்டையும் செய்து பாருங்கள்.

சில சிக்கல்கள்

துண்டுகளை வீசியெறியும் குழந்தை பெரும்பாலும் சொல்ல வருவது, இது எனக்கு அதிகம் என்பது. பேசாமல் பாதியைச் சேர்த்துக்கொடுத்து மீதியை மட்டும் விடுங்கள். ஆர்வமே காட்டாத குழந்தையை உட்காரவைக்க முயல வேண்டாம், நீங்கள் தரையில் உட்கார்ந்து உங்கள் பாட்டுக்குச் செய்யுங்கள். வந்து ஒரு துண்டை எடுத்தால் நல்லது, வராவிட்டால் இன்னொரு நாள்.

எப்போதும் துண்டைக் கண்ணுக்கு மிக அருகே கொண்டுபோவது, தலையை ஒரே பக்கம் சாய்த்துப் பார்ப்பது, ஒரு கண்ணை மூடிக்கொள்வது ஆகியவை தொடர்ந்து தெரிந்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சிவப்பையும் பச்சையையும் அடிக்கடி குழப்பினால் நிறக்குருடா என்றும் கேளுங்கள், ஆண் குழந்தைகளிடம் இது அதிகம் காணப்படுவது. வீட்டில் இதை எல்லாம் முதலில் கவனிக்க வாய்ப்புள்ள இடம் புதிர்த் தட்டுதான்.

துண்டு தொலைந்துபோனால் புதிரைத் தூக்கிப் போட வேண்டாம். மற்ற துண்டுகளைச் சேர்த்து, காலியிடத்தின் அடியில் ஒரு வெள்ளை அட்டையை நுழைத்து, ஓரத்தைப் பென்சிலால் வரைந்து வெட்டுங்கள். அந்த வெள்ளைத் துண்டில் என்ன இருந்திருக்கும் என்று சுற்றியுள்ள கோடுகளைப் பார்த்துக் குழந்தையே வண்ணம் தீட்டட்டும். எங்கள் வீட்டு யானைக்கு ஒரு காது அப்படித்தான் ஊதா நிறத்தில் இருக்கிறது.

முடிந்த படத்தை உடனே கலைக்காதீர்கள், ஒரு நாளாவது கண்ணில் படும்படி இருக்கட்டும். கலைக்கும்போது குழந்தையே கலைக்கட்டும், ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் போடட்டும். ஒவ்வொரு புதிருக்கும் ஓர் அடையாளம் வைத்து, வட்டமோ நட்சத்திரமோ, எல்லாத் துண்டுகளின் பின்னாலும் வரைந்துவிட்டால் கலந்துபோனாலும் பிரித்துவிடலாம். பையை இறுக்கிக் கட்டும் முன் கட்டிலுக்கு அடியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.